தின்ன குச்சிதான் சேத்தி

ஏம்மா, பாப்பா அந்த ஐஸைத் தின்னு முடிச்சதும் குச்சிய ஜன்னல் வழியா போட்டுறாதீங்க. எனக்கு வேணும். ஆமா, குச்சிதான். ஐஸ் குச்சியத்தான் கேக்கேன். அப்படிப் பாக்காதீங்க, எனக்குப் புத்திக்கு ஒண்ணும் இல்ல. இந்தக் கண்டக்டருக்கு என்னைத் தெரியும், வேணும்னா கேட்டுப் பாருங்க. பாப்பா, நீ மெதுவாத் தின்னு. பாளையங்கோட்டை போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு.

அது சேமியா ஐஸா? அதான் பாத்தேன். சேமியா ஐஸ் குச்சி நல்லா தட்டையா, சுத்தமா இருக்கும். கிரேப் ஐஸ்னா வயலட்டுச் சாயம் ஏறிரும், என்ன தேச்சாலும் போவாது. இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கீங்க, என்ன? எல்லாம் எங்க வீட்டுல அவியளால வந்த வினை. அவியன்னா எங்க வீட்டுக்காரவிய. ஞானதுரைன்னு பேரு. தூத்துக்குடியில ஒரு உப்புக் கம்பெனியில, பாக்கெட் போடுத இடத்துல சூப்பர்வைசர். நல்ல மனுஷன்னுதான் ஊரே சொல்லும். ஊருக்கென்ன, ஊரா கூட இருந்து பாக்குது.

நான் ஒண்ணு கேக்கேன், நீங்க நியாயம் சொல்லுங்க. பிள்ளை செத்து மாசம் ஒண்ணு ஆகல. பெத்த தகப்பன் கொட்டுத மழையில நின்னுக்கிட்டு குச்சி ஐஸ் திங்காரு. அதுவும் சீனி வியாதி உள்ள மனுஷன். பாக்கவங்க என்ன நினைப்பாங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

ஆமா, பிள்ளை இறந்துட்டா. ஒரே பிள்ளைதான். கெத்சியாள்னு பேரு, வேதத்துல யோபுவோட மகளுக்கு உள்ள பேரு. கெத்சின்னு கூப்பிடுவோம். ஆறாங்கிளாஸ். இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்ட உடனே எல்லாருக்கும் ஏதாவது சொல்லணும்னு தோணிருது, பாவம், என்ன சொல்லன்னும் தெரியாது. நான் அதுக்காகச் சொல்லல. ஐஸ் கதையத்தான் சொல்ல வந்தேன்.

எங்க தெரு முழுக்க வேதக்காரங்கதான். டிசம்பர் பிறந்துட்டா வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். அவ போறதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு நாங்களும் ஒரு காகித ஸ்டார் வாங்கிப் போட்டோம். ஒரே மழைதான், ஊறிப்போயி தொளதொளன்னு தொங்கிருச்சு. பக்கத்து வீட்டு சுகந்தி பிளாஸ்டிக் ஸ்டார் போட்டிருந்தா, அது கல்லு மாதிரி நின்னுது. அவ மக ஜோவிட்டாவும் இவளும் ஒரே கிளாஸ். அந்தக் கொதி இவளுக்கு. பொறவு மே மாசம் சர்ச்சுல பிள்ளைங்களுக்கு லீவு வேதப் பள்ளி நடத்துவாவல்லா, அதுல ஐஸ் குச்சிய ஒட்டி போட்டோ பிரேம் செய்யச் சொல்லிக் குடுத்துட்டாவ. வந்து நின்னா. "எம்மா, அடுத்த கிறிஸ்மஸுக்கு நான் ஐஸ் குச்சியில ஸ்டார் செய்யப் போறேன். மழை பெஞ்சா ஒண்ணும் ஆவாது"ன்னா.

செய்யேன்னு சொன்னேன். பிள்ளைங்க சொல்லும், ரெண்டு நாள்ல மறந்துரும்னு நினச்சேன். இவ மறக்க மாட்டேன்னுட்டா. சாக்பீஸ எடுத்துட்டுப் போயி வாசக் கதவுக்கு உள் பக்கம் ஒரு கோடு போட்டா. ஸ்டூல் மேல ஏறி உச்சியில இன்னொரு கோடு போட்டா. இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல ஸ்டார் நிக்கணுமாம். கதவு ஒசரத்துக்கு ஸ்டாரு! அம்புட்டுக் குச்சிக்கு எங்க போவ?

அவ அப்பா அப்பவே சொன்னாவ. "ஏட்டி, கடையில புதுக் குச்சி பாக்கெட் பாக்கெட்டா விக்காம்லா, வாங்கியாறட்டுமா?"

"வேண்டாம்பா. அது கள்ளாட்டம். தின்ன குச்சிதான் சேத்தி."

"யாரு தின்ன குச்சி?"

"யாரு தின்னாலும் சேத்தி. ஆனா யாராவது தின்னிருக்கணும்."

ஏன் அப்படின்னு கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியாது. சட்டம்னா சட்டம்தான். அவிய உடனே "சரி மகாராணி"ன்னு கும்பிட்டாவ. அவிய எப்பவும் அப்படித்தான், பிள்ளை என்ன சொன்னாலும் சரி. அந்த லீவு முழுக்க தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஐஸ் வாங்கிக் குடுத்து, குச்சிய வாங்கி வாங்கி அவ கையில குடுத்தாவ. அவிய மட்டும் திங்கக் கூடாது. கெத்சி விடமாட்டா. "எப்பா உனக்கு சீனி, நீ வேடிக்கை மட்டும் பாரு"ன்னுருவா. ஐஸ் வண்டிக்காரன் சிரிப்பான்.

வீட்டுக்கு வந்த குச்சியில எறும்பு மொய்க்கும். எனக்கு எறும்பு ஆகவே ஆகாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன், வெந்நியில போட்டு நல்லா அலசுட்டி, சீனி இருந்தா பசை பிடிக்காது, எறும்பும் வராதுன்னு. அப்படியே செய்வா. வாளியில வெந்நி ஊத்தி அலசி, மொட்டைமாடியில சுளகுல பரப்பி, காஞ்ச பொறவு ஒரு பழைய பிஸ்கட் டின்னுல போட்டு வைப்பா. சொன்ன வேலைய ஒழுங்காச் செய்வா, அத நான் சொல்லணும்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. தெருவுல பாதி வீட்டுல பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். ஜோவிட்டாவுக்கும் வந்தது. அவளுக்கு விட்டுருச்சு. இவளுக்கு விடல. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாவ, ஒரு குறை சொல்ல முடியாது. அதுல சொல்லதுக்கு ஒண்ணும் இல்ல.

நான் ஆஸ்பத்திரிக்குப் போவும்போது இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுட்டுப் போயிருந்தேன். எல்லாம் முடிஞ்சு திரும்பி வந்து பாத்தா புளிச்சு நுரைச்சுக் கிடக்கு. எடுத்துக் கொட்டிட்டுப் பாத்திரத்தத் தேச்சேன். சுகந்தி ஓடி வந்து கையப் பிடிக்கா. "அக்கா, அழுதுருங்கக்கா, உள்ளயே வச்சிருக்கக் கூடாது"ன்னு. வராத அழுகைய என்ன செய்யச் சொல்லுதா? பல்லு பிடுங்கையில ஊசி போடுவாங்கல்லா, டாக்டர் பல்லத் தொட்டா தெரியும், வலிக்காது. அப்படி இருந்தது எனக்கு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. வேலை வெட்டி எல்லாம் நடக்குதே, பொறவென்ன.

டிக்கெட்டா? நான் எடுத்தாச்சு தம்பி. இவங்ககிட்டக் கேளு.

எங்க விட்டேன்? ஆங், எறும்பு. அந்த டின்ன நான் திறக்கல. அலமாரிக்கு மேல தள்ளி வச்சுட்டேன். பிள்ளை போறதுக்கு முந்தி அதுல பாதிகூட நிறையல, எனக்குத் தெரியும். அது பாட்டுக்குக் கிடந்தது. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா அலமாரியில வரிசையா எறும்பு ஏறுது. எனக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுல ஒரு பொட்டு சீனி கிடையாது, அவியளுக்காக நான் சீனி வாங்குததையே விட்டுப் பல வருஷம் ஆச்சு. துக்க வீடு, பலகாரமும் கிடையாது. எறும்பு எதுக்கு வருது? எறும்புச் சாக்பீஸ் வாங்கி அலமாரிக் கால்ல கோடு போட்டேன். நாலு நாள் நிக்கும், திருப்பி வரும்.

அது போக, துவைக்கப் போட்ட அவிய சட்டைப் பையில எல்லாம் கறை. ஒருநாள் செவப்பு, ஒருநாள் ஆரஞ்சு. சூப்பர்வைசர்லா, பேனா மை கசிஞ்சிருக்கும்னு நினச்சேன். ஆரஞ்சு கலர்ல எந்தப் பேனா இருக்குன்னு எனக்கு அப்ப யோசிக்கத் தோணல. தேச்சுத் தேச்சு என் கை போச்சு.

இப்படி இருக்கும்போதுதான் சுகந்தி வந்து சொன்னா. நேரா சொல்லல. சுத்தி வளச்சு, "அண்ணாச்சிக்கு சீனி இப்ப எப்படி இருக்குக்கா"ன்னு ஆரம்பிச்சா. ஏன் கேக்கன்னேன். "இல்ல, ரயில்வே கேட்டுப் பக்கம் ஐஸ் கம்பெனியில நின்னு ஐஸ் தின்னுட்டு இருந்தாவ. முந்தா நாளும் பாத்தேன். இன்னைக்கும் நிக்காவ"ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அழுகைதான் வரல, கோபம் நல்லா வந்தது. கொடைய எடுத்துட்டு நேரா போனேன். மழை சாடிக்கிட்டு இருக்கு. ஐஸ் கம்பெனின்னா என்ன, ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெஷின். மழைக்காலத்துல ஈ காக்கா இருக்காது. வாசல்ல இவிய மட்டும் தனியா நிக்காவ. கையில செவப்பு ஐஸ். தோள்பட்டை எல்லாம் நனஞ்சு போச்சு. அந்தக் கம்பெனிக்காரன் என்கிட்ட என்னமோ பெருமை மாதிரி சொல்லுதான், "தினமும் வந்துருவாவக்கா. மழைக்கு மெஷின நிறுத்திரலாம்னு பாத்தேன், அண்ணாச்சி கேக்காவளேன்னுதான் கொஞ்சமாப் போடுதேன்"ன்னு.

நான் நடுத்தெருன்னும் பாக்கல. "பிள்ளைய மண்ணுக்குள்ள வச்சுட்டு வந்து நிக்கீங்க, உங்களுக்கு நாக்கு ருசி கேக்குதோ?"ன்னு கத்துனேன். கேட்டுல சைக்கிள்ல நின்னவன்லாம் திரும்பிப் பாத்தான்.

அவிய "நீ போ, முடிச்சுட்டு வாரேன்"ன்னாவ. அவ்வளவுதான். முடிச்சுட்டு வாராவளாம்! கசாயம் குடிக்கவன் மாதிரி முகத்தச் சுழிச்சுக்கிட்டு அந்த ஐஸைக் கடிச்சுக் கடிச்சு முழுங்குனாவ. பிடிக்கலைன்னா எறிய வேண்டியதுதான? எறியல. கடைசி வரைக்கும் தின்னுட்டு, குச்சிய வேட்டியில துடைச்சுச் சட்டைப் பையில வச்சாவ. ரோட்டுல போட வேண்டியதப் பையில வைக்காவ. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டுன்னு நினச்சேன். நீங்க என்ன நினைப்பீங்க? எல்லாரும் அதத்தான நினைப்பாங்க.

அதோட எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை நின்னு போச்சு. சண்டைன்னு சொல்ல முடியாது. சோறு வைப்பேன், சாப்பிடுவாவ. தட்ட எடுத்துட்டுப் போவேன். முந்தியும் நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒண்ணும் பேசுனது இல்ல, நடுவுல அவ பேசிக்கிட்டே இருப்பா, அதனால தெரியல.

டிசம்பர் வந்தது. எங்கள்ல ஒரு வழக்கம் உண்டும்மா. நீங்க பொட்டு வச்சிருக்கீங்க, உங்கள்லயும் துக்கம் நடந்த வருஷம் பண்டிகை கிடையாதுல்லா, அதே மாதிரிதான். சாவு விழுந்த வீட்டுல அந்த வருஷம் ஸ்டார் போட மாட்டோம், முறுக்கு அதிரசம் சுட மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம். ராத்திரி பாட்டுப் பாடிக்கிட்டு வீடு வீடா வருவாவல்லா சர்ச்சுக்காரங்க, நம்ம வாசல் வந்ததும் டிரம்ம நிறுத்திருவாவ. உள்ள வந்து மெல்ல ஜெபம் பண்ணிட்டுப் போயிருவாவ. தெருவெல்லாம் வெளிச்சமா இருக்கும், நம்ம வாசல் மட்டும் இருட்டாக் கிடக்கும். பாக்கவங்களுக்குத் தெரியணும்லா, இங்க துக்கம்னு.

அப்ப ஒருநாள் சாயங்காலம் ஜோவிட்டா வந்து வாசல்ல நிக்கா. கூட அவ தம்பி டேனி, இன்னும் தெருப் பிள்ளைங்க. யாரும் படியேறல. காய்ச்சல் விட்ட பொறவு ஜோவிட்டா எங்க வீட்டுப் பக்கமே வந்தது இல்ல. என்னைக் கண்டா ஓடிருவா. நானும் கூப்பிட்டது இல்ல. ஏன் கூப்பிடணும்?

"ஆன்ட்டி, கெத்சியோட குச்சி டின்னு இருக்கா?"

"எதுக்கு?"

"ஸ்டாரு செய்யணும்லா. கிறிஸ்மஸ் வருது."

"இந்த வருஷம் இந்த வீட்டுல கிறிஸ்மஸ் இல்லட்டி. உங்க அம்மா சொல்லலியா?"

"சொன்னாவ"ன்னா. ஆனா போகல. குனிஞ்சு தரையப் பாத்துக்கிட்டே, "நாங்க கடையில பாக்கெட் வாங்கலாம்னு பாத்தோம் ஆன்ட்டி. ஆனா அது சேத்தி இல்லன்னு கெத்சி சொல்லியிருக்கா"ன்னா.

எனக்கு அந்த டின்னக் குடுக்க மனசில்ல. ஏன்னு கேக்காதீங்க. அவ கை வச்ச பொருள்னு வேற ஒண்ணும் என்கிட்ட மிச்சம் இல்ல. துணிமணியெல்லாம் ஒரு ஆசிரமத்துக்குக் குடுத்தாச்சு, புஸ்தகம் எல்லாம் ஸ்கூலுக்குக் குடுத்தாச்சு. அது ஒண்ணுதான் இருந்தது. இந்தக் கூட்டத்துக்கிட்டக் குடுத்தா ஒரே நாள்ல ஒடச்சுப் போட்டுட்டு விளையாடப் போயிரும். முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். பின்னாலேருந்து அவிய சத்தம். "குடு பியூலா"ன்னாவ. அவிய என் பேரச் சொல்லி அம்புட்டு நாளாச்சு.

கோபத்துல போயி டின்ன இழுத்தேன். இழுத்த கையில கனக்குது. கீழ இறக்கிப் பாத்தா, மூடி மூடல. குச்சி விளிம்புக்கு மேல பிதுங்கிக்கிட்டு நிக்கு. பாதிகூட இல்லாத டின்னும்மா அது! கீழ உள்ளதெல்லாம் வெள்ளையா, சுத்தமா, அவ அலசிப் போட்டது. மேல உள்ளதெல்லாம் செவப்பும் ஆரஞ்சும் வயலட்டுமா, பிசுபிசுன்னு, எறும்போட.

"இத யாரு போட்டது?"ன்னேன்.

டேனிக்கு வாய் நிக்காது. "மாமாதான் ஆன்ட்டி. எங்களுக்குக் கூட வாங்கித் தரமாட்டாவ. மழையில ஐஸ் தின்னா பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்னு, தானேதான் திம்பாவ"ன்னான்.

நான் திரும்பிப் பாத்தேன். அவிய கதவுல சாக்பீஸ் கோட்டுக்கிட்ட நிக்காவ. என்னைப் பாக்கல.

அப்ப எனக்கு என்ன தோணிச்சுன்னா, நிஜத்தச் சொல்லுதேன், இவ்வளவு தின்னா சீனி எவ்வளவு ஏறியிருக்கும்னுதான் தோணிச்சு. வேற ஒண்ணும் தோணல. சொல்லிட்டுத் தின்னிருக்கலாம்லா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் ரோட்டுல கத்தப் போறேன்? வாயத் திறக்காத மனுஷனோட குடும்பம் நடத்துதது இதான் கஷ்டம்.

அன்னைக்கே உக்காந்துட்டாவ. ஹால்ல பாயச் சுருட்டிப் போட்டுட்டு, தரையில அவியளும் பிள்ளைங்களும். ஸ்டாருக்கு முதல்ல ரெண்டு பெரிய முக்கோணம் கட்டணும். ஒண்ண நேரா வச்சு, ஒண்ணத் தலைகீழா அதுமேல வச்சா ஆறு முனை வந்துரும். பொறவு ஒவ்வொரு முனைக்குள்ளயும் குச்சிய நெருக்க நெருக்கமா அடுக்கி ஒட்டி நிரப்பணும். இதெல்லாம் ஜோவிட்டா சொல்லுதா, கெத்சி அவகிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கா. என்கிட்டச் சொன்னது இல்ல. நானும் கேட்டது இல்ல. டேனி விரலையும் விரலையும் சேத்து ஒட்டிக்கிட்டு அழுதான். ஒட்டுனது காயணும்னு அதுமேல எங்க பெரிய பைபிளத் தூக்கி வச்சிருக்கு ஒரு பிள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, போயி அத எடுத்துட்டு அம்மிக் குழவியக் கொண்டு வந்து வச்சேன். தரையெல்லாம் பசை. ஒருத்தருக்கு ஒரு துணி விரிக்கணும்னு தோணல.

மறுநாள் தூக்கிப் பாத்தா முக்கோணம் பொலபொலன்னு உதிர்ந்துட்டு. பிள்ளைங்க முகத்தப் பாக்கணுமே. டேனி "மாமா குச்சிதான் விழுது, கெத்சி குச்சி விழல"ன்னு சொல்லிட்டான். அவிய தரையில உக்காந்து உதிர்ந்த குச்சியப் பொறுக்குதாவ. பொறுக்கி முடிச்சும் எந்திரிக்கல. அப்படியே இருக்காவ.

சீனியோட ஒட்டுனா எப்படிப் பிடிக்கும்? அலசாம போட்டா எப்படிப் பிடிக்கும்? பிள்ளைக்குத் தெரிஞ்சது தகப்பனுக்குத் தெரியல. வேட்டியில துடைச்சா சீனி போயிருமா? நான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயி வெந்நி போட்டேன். ஒவ்வொரு குச்சியா எடுத்து நகத்தால சுரண்டி அலசுனேன். மழையில காயப் போட வழி இல்ல, அடுப்புக்கு மேல கம்பி வலை போட்டு அதுல பரப்புனேன். அடுப்படி பூரா ரோஸ் எசன்ஸ் வாசம். கல்யாண வீடு மாதிரி. அவிய அடுப்படி வாசல்ல வந்து நின்னாவ. "நான் என்ன செய்ய?"ன்னாவ. "வலையில கிடக்கதப் புரட்டிப் போடுங்க, கருகிராம"ன்னேன். புரட்டிப் போட்டாவ. அப்படியே வேலை நடந்தது.

பொறவு ஒட்டுனது உதிரல. அஞ்சு முனை நிரம்பி ஆறாவதுக்கு வரும்போது குச்சி தீந்து போச்சு. கூடு கட்டியாச்சு, உள்ள நிரப்பக் குச்சி இல்ல. ஜோவிட்டா அவ அப்பாவப் பாத்து, இல்ல, எங்க வீட்டு அவியளப் பாத்து, "இத மட்டும் கடைக் குச்சி வச்சுக்கிடலாமா மாமா?"ன்னு மெதுவாக் கேட்டா. அவிய தலைய ஆட்டிட்டாவ. "வேண்டாம்மா. கள்ளாட்டம்"ன்னாவ. சட்டம்னா சட்டம்தான்.

எங்க மாட்டன்னு அடுத்த பேச்சு. வாசல்ல மாட்ட நான் விடமாட்டேன்னுட்டேன். துக்க வீட்டுல ஸ்டார் போட்டா நாளைக்கு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? அவிய சொன்னாவ, "வாசல்ல வேண்டாம். அவ கோடு போட்ட இடம் இருக்குல்லா"ன்னு. கதவுக்கு உள் பக்கம் ஆணியடிச்சு மாட்டுனாவ. கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் சரியா நின்னுது. அடி முனை மட்டும் வெறுங்கூடு, கதவுப் பலகை தெரியுது.

கதவத் திறந்து வச்சா ஸ்டார் சுவத்துப் பக்கம் போயிரும், யாருக்கும் தெரியாது. பாட்டுக்காரங்க வந்தாவ, ஜெபம் பண்ணுனாவ, போனாவ, ஒருத்தருக்கும் தெரியல. கதவச் சாத்துனா உள்ள இருக்க எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும். அது வழக்கத்த மீறுனதாவாது, என்ன சொல்லுதீங்க? நான் சர்ச்சு ஐயர்கிட்டக் கேக்கல. கேட்டா அவரு ஏதாவது சொல்லிருவாரு.

கிறிஸ்மஸ் கழிஞ்சு சீனி பாத்தா, டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. கால் விரல்ல ஒரு புண்ணு வேற, லேசுல ஆறல. இனி இனிப்பத் தொட்டா விரல எடுக்க வேண்டியதுதான்னு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இவிய திரும்பி வரும்போது அந்த ஐஸ் கம்பெனி வாசல்ல ஆட்டோவ நிறுத்தச் சொல்லுதாவ! எனக்குக் கோபம் வந்ததே. "நீங்க திங்க வேண்டாம், உள்ள இருங்க. நான் திங்கேன்"ன்னு இறங்கிப் போயி ஒண்ணு வாங்கித் தின்னேன். ஆட்டோக்காரன் எங்கள ஒரு மாதிரிப் பாத்தான்.

அன்னையிலேருந்து நான்தான். எனக்கு ஐஸ் பிடிக்கவே பிடிக்காது. கடவாப் பல்லு கூசும். பாதி தின்னதும் நாக்கு மரத்துப் போயி என்ன ருசின்னே தெரியாது. ருசிக்கா திங்கேன்? அப்படியே போற வாற இடத்துல பிள்ளைங்க தின்னாலும் கேட்டு வாங்கிருவேன். கேக்கதுக்கு எனக்கு வெக்கம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல என்னைக் குச்சிக்காரின்னு சொல்லுதானுவளாம், சொல்லட்டும்.

அவிய சாயங்காலம் வேலை விட்டு வந்து செருப்பக் கழத்தும்போதே கேப்பாவ. "இன்னைக்குக் கிடச்சுதா?" நான் "கிடச்சுது"ம்பேன். "என்ன ஐஸ்?" "பால் ஐஸ்." "எங்க வச்சு?" இப்ப போனா இந்தப் பஸ்ஸச் சொல்லுவேன், உங்க பாப்பாவச் சொல்லுவேன். என்ன கலர் சட்டை போட்டிருந்தா, சிந்தாம தின்னாளா, எல்லாம் கேப்பாவ. பொறவு டின்னுல எட்டிப் பாத்துட்டு, "இன்னும் எவ்வளவு வேணும்?"ன்னு கேப்பாவ. "கொஞ்சம் வேணும்"ம்பேன். வீட்டுல பேச்சுன்னா அதுதான் பேச்சு. அது முடிஞ்சு சாப்பாடு.

ஒண்ணு சொல்லுதேன், நீங்க யாரோ நான் யாரோ, சொன்னா என்ன. அந்த ஆறாவது முனைக்கு வேண்டிய குச்சி எப்பவோ சேந்துட்டு. தேவைக்கு மேலயே சேந்துட்டு. டின்னுல கொஞ்சத்தப் போட்டுட்டு மிச்சத்த அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு துணிப் பையில கட்டி வச்சிருக்கேன். எல்லாம் அலசிக் காயப் போட்டதுதான், எறும்பு வராது. அவியளுக்குத் தெரியாது. அன்னைக்கு ஜோவிட்டா கூட, "ஆன்ட்டி, இன்னும் சேரலியா, வந்து ஒட்டித் தரட்டா?"ன்னு கேட்டா. இன்னும் வேணும்ட்டின்னு அனுப்பிட்டேன். அந்த முனைய ஒட்டி முடிச்சுட்டா, சாயங்காலம் அவிய வந்து என்னத்தக் கேப்பாவ?

வல்லநாடு வந்துட்டு போலுக்கே. அன்னா, ஐஸ்காரன் ஏறுதான். ஏ தம்பி, இங்கன ஒண்ணு குடு. எதுன்னாலும் சரி, குச்சி இருந்தாப் போதும். உங்களுக்கு வேணுமாம்மா? வேண்டாமா, சரி.

பாப்பா முடிச்சுட்டியா? குடு கண்ணு. பொறு, அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. அதையும் தின்னுரு. முழுசாத் தின்னாத்தான் சேத்தி.